சரக்கு ஏற்றுமுன் வழக்குப் பதிவைப் பாருங்கள்!



நம் சங்க உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்த நஷ்டத்தைச் சொல்லித் தொடங்குகிறோம். பெயர் வேண்டாம்; அவரும் விரும்பவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்பவர். ஏமாளி அல்லர். பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு புதிய பார்ட்டி போனில் ஆர்டர் சொன்னார். முதல் லோடுக்கு முழுப் பணமும் முன்கூட்டியே வந்தது. இரண்டாவது லோடுக்குப் பாதி ரொக்கம், பாதி பத்து நாள் தவணை. மூன்றாவதும் நான்காவதும் முழுத் தவணையில் போயின. சொன்ன தேதிக்குப் பணம் வந்தது. ஐந்தாவது லோடு துவரம்பருப்பு, உளுந்து, வற்றல், பாமாயில் டின் என்று ஆறு லட்ச ரூபாய்க்கு மேல். அதற்குக் கொடுத்த காசோலை திரும்பியது. போன் அணைந்தது. நேரில் போய்ப் பார்த்தால் கடையில் பூட்டு.

வக்கீலிடம் போனார். வக்கீலின் ஜூனியர் தம் கைபேசியிலேயே அந்தப் பார்ட்டியின் பெயரைத் தட்டினார். பத்து நிமிடத்தில் விவரம் வந்துவிட்டது. இரண்டு ஊர்களில் ஏழு காசோலை வழக்குகள். ஏற்கெனவே டிகிரி ஆகி, பணம் கட்டாமல் நிறைவேற்று மனுவில் நிற்கும் வழக்குகள் இரண்டு. எல்லாம் நம் உறுப்பினர் முதல் லோடு அனுப்புவதற்கு முன்பே பதிவானவை.

“இந்தப் பத்து நிமிட வேலையை ஐந்தாவது லோடுக்கு முன்னால் செய்திருந்தால் என் ஆறு லட்சம் என்னிடமே இருந்திருக்கும்” என்று அவர் நம்மிடம் சொன்னபோது, நமக்குப் பதில் சொல்ல வார்த்தை இல்லை. ஏனென்றால் சங்கத்தின் பொறுப்பில் இருக்கும் நாமும் அதுவரை எந்த உறுப்பினருக்கும் அந்த வழியைச் சொல்லிக் கொடுத்தது கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறோம்.

நாணயம் விசாரித்த காலம்

முன்பெல்லாம் புதிய பார்ட்டிக்குச் சரக்குப் போடுமுன் தரகரைக் கேட்போம். தரகர் அந்த ஊரில் இரண்டு கடைக்காரரைக் கேட்பார். “கை சுத்தம், ஆனால் மெதுவாகத்தான் கொடுப்பார்” என்றோ, “வேண்டாம் அண்ணாச்சி” என்றோ ஒரு சொல் வரும். அந்த ஒரு சொல்லை நம்பி லாரி கிளம்பும், அல்லது நிற்கும். தரகரின் வாய்தான் அன்றைய பதிவேடு.

இன்று ஆர்டர் போனில் வருகிறது. முன்பணம் கைபேசியில் ஏறுகிறது. சரக்கு பார்சல் லாரியில் போகிறது. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவரை நாம் முகம் பார்த்ததே இல்லை. தரகு குறைந்தது லாபம் என்று மகிழ்ந்தோம். ஆனால் தரகரோடு சேர்ந்து விசாரணையும் போய்விட்டதை நாம் கவனிக்கவில்லை. அந்த விசாரணையின் இடத்தில் இன்று வைக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. அதுதான் நீதிமன்றப் பதிவு.

“வியாபாரம் நம்பிக்கையில் நடப்பது. கோர்ட்டைப் பார்த்துவிட்டா கடன் கொடுப்பது?” என்று மூத்த வணிகர் சிலர் கேட்கக்கூடும். நம்பிக்கை வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் விசாரித்த பின் வருவதுதான் நம்பிக்கை. விசாரிக்காமல் கொடுப்பது துணிச்சல் மட்டுமே.

இது ரகசியம் அல்ல

பிறர் வழக்கைப் பார்ப்பது தவறோ என்று தயங்க வேண்டாம். சிவில் வழக்கு நடக்கும் இடம் பொதுமக்கள் வந்து பார்க்கக்கூடிய திறந்த நீதிமன்றம் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 153-பி பிரிவு கூறுகிறது. வழக்கின் எண், இரு தரப்பார் பெயர், வாய்தா தேதி ஆகியவை கோர்ட்டு வாசல் பலகையில் ஒட்டப்பட்டு வந்தவைதான். முன்பு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்துப் பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருந்தது. இன்று அது கணினியில் கிடைக்கிறது.

நாடு முழுவதும் உள்ள கீழ்க் கோர்ட்டுகளைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் தேசிய இணையதளம் 2013 ஆகஸ்ட் 7 அன்று தொடங்கப்பட்டது. அப்போது உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர் நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான நீதிபதி ப. சதாசிவம். இந்தத் தளத்தில் தேடக் கட்டணம் ஏதும் இல்லை. பெயர் பதிவு செய்துகொள்ளவும் தேவையில்லை. கைபேசிச் செயலியும் உண்டு. “வழக்கு விவரம் எடுத்துத் தருகிறோம்” என்று யாராவது பணம் கேட்டால், அது அவர்களது கூலியே தவிர அரசுக் கட்டணம் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

தேடும் முறை

முதலில் கையில் இருக்க வேண்டியது சரியான பெயர். கடைப் பலகையில் முருகன் ஸ்டோர் என்று இருக்கும். வழக்கோ உரிமையாளர் பெயரில் இருக்கும். ஆகவே புதிய பார்ட்டியிடம் முதல் நாளே ஜி.எஸ்.டி. எண்ணைக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், கடைப் பெயர், தனி உரிமையா கூட்டு நிறுவனமா என்ற விவரம், பதிவு தொடங்கிய தேதி, பதிவு நடப்பில் உள்ளதா ரத்தானதா என்பது எல்லாம் தெரியும். அதோடு தகப்பனார் பெயர், முழு முகவரி, கூட்டாளிகள் பெயர் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தர மறுக்கிறவருக்கு ரொக்கத்துக்கு மட்டும் சரக்குப் போடுங்கள்.

பிறகு இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு நிலை என்ற பகுதிக்குப் போய், மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கு எண், வக்கீல் பெயர், எப்.ஐ.ஆர். எண் என்று பல வழிகளில் தேடலாம். நமக்கு உதவுவது தரப்பினர் பெயர் என்ற வழி. பெயரில் குறைந்தது மூன்று எழுத்துகள், வழக்குப் பதிவான ஆண்டு, நிலுவையா முடிந்ததா அல்லது இரண்டுமா என்ற மூன்றையும் கொடுத்து, திரையில் கோணலாகத் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்தால் பட்டியல் வரும். எப்போதும் இரண்டும் என்பதையே தேர்ந்தெடுங்கள். ஆண்டை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

பட்டியலில் ஒரு வழக்கைத் திறந்தால் தாக்கலான தேதி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, இரு தரப்பார் பெயர், வக்கீல்கள், இதுவரை நடந்த வாய்தாக்கள், அடுத்த வாய்தா ஆகியவை தெரியும். உத்தரவு ஏற்றப்பட்டிருந்தால் அதையும் படிக்கலாம். கூடவே 16 இலக்கம் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்று இருக்கும். ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண் அது. அதைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை பெயர், ஊர் எதுவும் தேட வேண்டாம்; எண்ணைப் போட்டாலே வழக்கு வந்து நிற்கும்.

பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் ஏறியிருக்கின்றன. சண்முகம் என்ற ஒரு பெயரையே மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதுவார்கள். முத்துக்குமார் ஒரே சொல்லாகவும் இருக்கும், இரண்டாகப் பிரிந்தும் இருக்கும். ஆகவே முழுப் பெயரைப் போட்டு ஏமாறாமல், பெயரின் நடுவில் உள்ள மாறாத நாலைந்து எழுத்துகளை மட்டும் போட்டுப் பாருங்கள். கடைப் பெயரையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

எந்த ஊரில் தேடுவது?

நம்மவர்கள் தவறு செய்யும் இடம் இதுதான். பார்ட்டியின் ஊர்க் கோர்ட்டில் மட்டும் தேடிவிட்டு, “ஒன்றும் இல்லை, ஆள் சுத்தம்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெயரை வைத்துத் தேடினால் ஒவ்வொரு வளாகமாகத்தான் தேட முடியும். எந்த வகை வழக்கு எந்த ஊரில் போடப்படும் என்று தெரிந்தால்தான் தேடுவதில் பயன் உண்டு.

காசோலை வழக்கை எடுத்துக்கொள்வோம். நாம் என்.ஐ. ஆக்ட் என்று சொல்லும் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின்கீழ் இது வரும். 2015-இல் செய்த திருத்தத்தின்படி, நம் கணக்கில் போட்டு வசூலுக்கு அனுப்பிய காசோலை திரும்பினால், நம் வங்கிக் கிளை இருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். அதாவது பணம் வர வேண்டியவரின் ஊரில்! தென்காசிக் கடைக்காரர் ஒருவர் விருதுநகர் மண்டியில் காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால், வழக்கு விருதுநகரில் இருக்குமே தவிர தென்காசியில் இருக்காது. ஆகவே பார்ட்டி இதற்கு முன் எந்த ஊரில் கொள்முதல் செய்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த ஊர்களில் தேடுங்கள். சம்மரி டிரையல் கேஸ் என்பதன் சுருக்கமாக எஸ்.டி.சி. என்றோ, சி.சி. என்றோ எண் இருக்கும்.

ஐ.பி. என்று நாம் சொல்லும் திவால் மனு இதற்கு நேர்மாறு. மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்று பேசிக்கொள்கிறோமே, அது 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டத்தின்கீழ் வருவது. கடன்பட்டவர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊர்க் கோர்ட்டில் இது இருக்கும். ஒருவர் திவாலானவர் என்று கோர்ட்டு அறிவித்தால் அரசிதழிலும் வெளியாகும். சென்னை நகருக்கு மட்டும் 1909-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். அங்கே உயர்நீதிமன்றத்தில் தேட வேண்டும்.

பண வசூலுக்கான சிவில் வழக்கு, அதாவது ஓ.எஸ்., இரண்டு இடத்திலும் இருக்கலாம். பிரதிவாதியின் ஊரிலும் போடலாம். வியாபாரம் நடந்து வழக்குக்குக் காரணம் எழுந்த ஊரிலும் போடலாம். டிகிரிக்குப் பிறகு வரும் நிறைவேற்று மனுவுக்கு ஈ.பி. என்று பெயர். டிகிரியை நிறைவேற்றக் காலக்கெடு 12 ஆண்டு. எனவே பெரிய தொகைக்குச் சரக்குப் போடுமுன் பழைய ஆண்டுகளையும் பார்ப்பது நல்லது.

மாவட்டத் தலைநகரில் பார்த்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை ஊர்களில் தனித்தனிக் கோர்ட்டுகள். சென்னையில் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் பிரிந்து கிடக்கின்றன. உயர்நீதிமன்றத்துக்கும் அதன் மதுரைக் கிளைக்கும் தேடும் பக்கம் வேறு. வங்கி தொடரும் கடன் வழக்குகள் கடன் வசூல் தீர்ப்பாயத்திலும், கம்பெனி திவால் வழக்குகள் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்திலும் இருக்கும். அவை இந்தத் தளத்தின் மாவட்டக் கோர்ட்டுப் பட்டியலில் வராது.

படிக்கத் தெரிய வேண்டும்

பதிவைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். பேரேட்டைப் படிப்பதுபோல் நிதானமாகப் படிக்க வேண்டும். பற்று எது வரவு எது என்று தெரியாதவன் பேரேட்டைப் பார்த்து என்ன பயன்?

முதலில் பார்ட்டி எந்தப் பக்கம் இருக்கிறார் என்று பாருங்கள். இருபது காசோலை வழக்கில் ஒருவர் பெயர் வருகிறது என்றால் பதறக் கூடாது. இருபதிலும் அவர் புகார்தாரராக இருந்தால், அவர் நம்மைப்போல் பணம் வராமல் அலைகிறவர்.

அடுத்து, வழக்குப் போட்டுவிட்டார்கள் என்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். நிலுவையில் உள்ள வழக்கு ஒரு தரப்பின் சொல் மட்டுமே. முடிந்த வழக்கு எப்படி முடிந்தது என்று பாருங்கள். சமரசம் ஆகி வாபஸ் பெற்றது என்றால் பெரும்பாலும் பணம் கைமாறிவிட்டது என்று பொருள். நம் பார்வையில் மிகவும் எச்சரிக்கை தருவது ஈ.பி.தான். பணம் தர வேண்டும் என்று கோர்ட்டே சொல்லியும் அவர் தரவில்லை என்பதல்லவா அதன் பொருள்?

இன்னொன்று: பதிவு சுத்தமாக இருப்பதால் ஆளும் சுத்தம் என்று கொள்ள முடியாது. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஆக, போன மாதம் திரும்பிய காசோலை இன்று பதிவில் இருக்காது. கோர்ட்டுகள் கணினிமயமாகும் முன் முடிந்த பழைய வழக்குகள் பலவும் தளத்தில் கிடைக்காது. வழக்கே போடாமல் நஷ்டத்தை விழுங்கிக்கொண்டு இருக்கும் வியாபாரிகளின் கதை எந்தப் பதிவிலும் வராது.

தளத்தில் பார்க்கும் உத்தரவு நம் தகவலுக்குத்தான். ஆதாரமாகக் காட்ட வேண்டுமானால் கோர்ட்டில் நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். வழக்கில் தரப்பினர் அல்லாத வெளியார் கேட்டால், ஏன் தேவை என்று காரணம் காட்டி உறுதிமொழிப் பத்திரத்துடன் மனுச் செய்ய வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் போதாதா என்று சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. நீதிமன்ற விதிகளின்படியே நகல் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று குஜராத் உயர்நீதிமன்றம் தொடர்பான வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஒரு தீபாவளி வீணான கதை

இப்போது நாம் சொல்லப்போவது கசப்பான செய்தி. மேலே சொன்ன நஷ்டம் கடைவீதியில் பரவியதும், நம் உறுப்பினர்கள் சிலர் தாமாகவே கைபேசியில் தேடத் தொடங்கினார்கள். அதில் ஒருவர், பத்தாண்டுகளாகத் தம்மிடம் சரக்கு எடுத்துவரும் கிராமத்துக் கடைக்காரரின் பெயரைப் போட்டிருக்கிறார். இரண்டு காசோலை வழக்குகள் வந்தன. தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது, “இனி ரொக்கம் கொண்டு வந்தால் சரக்கு” என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மற்ற கடைகளிலும் அவருக்குக் கதவு அடைத்தது.

அந்தக் கடைக்காரர் நம் சங்க அலுவலகத்துக்கு வந்தார். கோபப்படவில்லை. “நான் கோர்ட்டு வாசலையே மிதித்தது கிடையாதுங்களே” என்று மட்டும் சொன்னார். உட்காரவைத்து வழக்கைத் திறந்து பார்த்தோம். பெயர் ஒன்றுதான். தகப்பனார் பெயர் வேறு. ஊர் வேறு. வழக்கில் உள்ளவர் அரிசி வியாபாரியே அல்லர். உறுப்பினர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். குழுவிலும் திருத்தம் போட்டார். ஆனால் தீபாவளி வியாபாரம் போனது போனதுதான். ஒரு சின்னக் கடைக்கு அந்த இருபது நாள் எவ்வளவு பெரிது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே உறுப்பினர்களுக்கு மிகக் கண்டிப்பாகச் சொல்கிறோம். பெயரோடு தகப்பனார் பெயர், முகவரி இரண்டும் பொருந்தாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். பொருந்தினாலும், பார்ட்டியை ஒரு வார்த்தை கேளுங்கள். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் நல்ல நாணயஸ்தர்கள் பலரும் தடுமாறினார்கள். அன்று திரும்பிய ஒரு காசோலையை அடைத்து முடித்தவரை இன்றும் ஒதுக்கி வைப்பது நியாயம் ஆகாது. தெரிந்ததை உங்கள் கடன் முடிவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். குழுவில் போடாதீர்கள். தவறான ஆளைப்பற்றிப் பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி அவதூறு வழக்கு உங்கள்மேல் வரலாம். அப்போது உங்கள் பெயரும் அதே தளத்தில் ஏறும்!

நம் பெயரையும் பார்ப்போம்

பிறரைத் தேடுமுன் ஒவ்வொருவரும் தம் பெயரையும் தம் கடைப் பெயரையும் வருஷம் ஒரு முறை தேடிப் பார்க்க வேண்டும் என்பது நம் யோசனை. புதுக் கணக்குப் போடும் நாளில் செய்தால் மறக்காது. கடை மாறிய பழைய முகவரிக்குச் சம்மன் போய், நமக்குத் தெரியாமலே ஒருதலைப்பட்ச டிகிரி ஆவது உண்டு. அதை ரத்து செய்யக் கோருவதற்குக் காலக்கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சார்வு ஆகாமல் இருந்தால், டிகிரி ஆனது தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாளை எண்ண வேண்டும். தெரிந்தும் சும்மா இருந்துவிட்டால், கடைச் சரக்கை ஜப்தி செய்ய அமீனா வரும்போது அழுது பயனில்லை. யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்ட உறுப்பினர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

சொந்தக் கடை, குடோன் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்று முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். வில்லங்கச் சான்று பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவானதைத்தான் காட்டும். அண்ணன் தம்பி பாகப் பிரிவினை வழக்கு முன்ஷீப் கோர்ட்டிலோ சப்-கோர்ட்டிலோ நடந்துகொண்டிருப்பது அதில் இல்லாமல் இருக்கலாம். வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கியவரை அந்த வழக்கின் முடிவு கட்டுப்படுத்தும் என்று 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. விற்பவர் பெயரையும் அவர் உடன்பிறந்தோர் பெயரையும் சொத்து உள்ள ஊர்க் கோர்ட்டு வளாகத்தில் தேடிப் பார்த்துவிட்டு, வக்கீலின் கருத்தையும் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

கைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த எழுத்தில் தேடுவது என்று பழகியவர் சிலரே. ஆளுக்கொரு விதமாகத் தேடி ஆளுக்கொரு முடிவுக்கு வருவது ஆபத்து என்பதைத் தீபாவளிக் கதை காட்டிவிட்டது. ஆகவே வரும் பொதுக்குழுவில் மூன்று யோசனைகளை வைக்கிறோம்.

ஒன்று, சங்க அலுவலகத்தில் ஒரு ஊழியருக்கு வக்கீல் ஒருவரைக் கொண்டு பயிற்சி கொடுத்து, உறுப்பினர் கேட்கும்போது தேடிக் கொடுக்கும் ஏற்பாடு. விவரம் கேட்டவருக்கு மட்டும் கொடுக்கப்படும். சங்கம் கறுப்புப் பட்டியல் எதையும் வைத்துக்கொள்ளாது.

இரண்டு, கடன் கணக்குத் திறப்பதற்கு எல்லா உறுப்பினர்களும் பயன்படுத்தும் ஒரே மாதிரிப் படிவம். சரியான பெயரும் தகப்பனார் பெயரும் இல்லாமல் சரியான தேடல் இல்லை. எல்லோரும் கேட்டால் எந்தப் பார்ட்டியும் தம்மை அவமதித்ததாக நினைக்க மாட்டார்.

மூன்று, பெயரை ஒரு தடவை கொடுத்தால் மாநிலம் முழுவதும் உள்ள கோர்ட்டுகளில் தேடும் வசதியும், தமிழ் எழுத்தில் பெயர் கொடுத்துத் தேடும் வசதியும் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றப் பதிவாளருக்கு மனு. கூடவே தகப்பனார் பெயரையும் ஊரையும் பட்டியலிலேயே தெளிவாகக் காட்ட வேண்டும் என்றும் கேட்க வேண்டும். கடன் கொடுப்பவரின் பணத்துக்கு மட்டும் அல்ல, ஒரே பெயரால் மாட்டிக்கொள்ளும் அப்பாவியின் மானத்துக்கும் அதுவே பாதுகாப்பு.

இவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நீதிமன்ற வளாகங்களில் இ-சேவை மையங்கள் உள்ளன. இணையம் பழகாத மூத்த வணிகர்கள் அங்கே போய் வழக்கு நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நம் பெரியவர்கள் தராசைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கடை திறந்தார்கள். தராசுக்கு இரண்டு தட்டு. நம் பணம் ஒரு தட்டிலும், எதிரே நிற்பவரின் நற்பெயர் மறு தட்டிலும் இருக்கிறது. வழக்குப் பதிவைத் தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே நிறுத்துப் பார்ப்போம். ஐந்தாவது லோடு ஏறுமுன் பத்து நிமிடம் செலவிடுவோம். பார்த்ததைப் பொறுப்போடு பயன்படுத்துவோம்.

பொதுக்குழுவுக்குத் தவறாமல் வந்து உங்கள் கருத்தையும் சொல்லுமாறு உறுப்பினர்கள் அனைவரையும் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.